செவலையின் பத்திய காலம்: வளர்ப்புப் பாம்பு இரையைக் கக்கும்போது

பாம்பு இரையைக் கக்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடும். மலத்தின் வாடை வேறு, இது வேறு. பாதி செரித்த எலியின் புளித்த அழுகல் நாற்றம் அறைக்கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும், ஜன்னல்களைத் திறந்து வைத்தாலும் அன்று முழுக்கப் போகாது. பல வருடம் பாம்பு வளர்த்தும் எனக்கு அந்த வாடை பழக்கமானது செவலை வந்த பிறகுதான்.

செவலை ஒரு கார்ன் ஸ்நேக், பலர் வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு வகை. நண்பர் ஒருவர் வேலை மாற்றலாகிப் போகும்போது தொட்டி, அடியில் வைத்துச் சூடேற்றும் ஹீட் மேட், அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் எல்லாவற்றோடும் சேர்த்து என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வயது ஒன்று கூட ஆகவில்லை, எடை 90 கிராம். "நல்லா சாப்பிடும், கவலையே படாதீங்க" என்றார். உண்மைதான், நன்றாகவே சாப்பிட்டது. சாப்பிட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ளத்தான் அதனால் முடியவில்லை.

பாம்பு கக்கியதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், கையுறையை மாட்டிக்கொண்டு அதை அள்ளிக் குப்பையில் போடுவது. போடுவதற்கு முன் ஒரு நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். குமட்டும், வேறு வழியில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல தடயம் கிடைக்காது.

முதலில் அது கக்கியதுதானா என்று பார்க்க வேண்டும். மலம் என்றால் கரும்பழுப்பாக, கூடவே வெள்ளை நிறத்தில், பாம்பின் சிறுநீர்க் கழிவான யூரேட் கட்டியும் இருக்கும், எலியின் உருவம் இருக்காது. கக்கியது என்றால் சளி போன்ற கோழை சுற்றிய, நீளவாக்கில் இழுபட்ட ஓர் உருவம் இருக்கும். செவலை கக்கியதில் தலையும் முன்னங்கால்களும் கரைந்து போய், தோல் வழுக்கி, விலா எலும்பு தெரிந்தது. பின்பாதியில் ரோமம் நனைந்து ஒட்டியிருந்ததே தவிர, வாலும் பின்னங்கால்களும் அப்படியே இருந்தன. தலை முதலில் உள்ளே போகிறது என்பதால் செரிமானமும் அங்கேதான் தொடங்கும். இரையின் வயிறோ உப்பிப் பச்சை பாய்ந்திருந்தது. அந்த உப்பல்தான் எனக்கு முக்கியமான தடயம். பாம்பின் அமிலம் வேலையை முடிப்பதற்குள் உள்ளே அழுகல் முந்திக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

எத்தனை நேரம் கழித்து வந்தது என்பதும் கணக்கில் சேரும். ஒரு நாளுக்குள், ஏறக்குறைய முழுசாக வந்தால் இரை பெரிதாக இருந்திருக்கலாம், அல்லது யாராவது கையில் எடுத்து மிரட்டியிருக்கலாம். இரண்டு மூன்று நாள் தாண்டிப் பாதி கரைந்து, நாற்றமடித்து வந்தால் சூட்டையும் நோயையும் சந்தேகிக்க வேண்டும். இது கல்லில் செதுக்கிய விதி கிடையாது, ஆனால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று சொல்லிவிடும். செவலை கக்கியது மூன்றாம் நாள். ஆகவே முதலில் சூட்டைப் பார்த்தேன்.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நமக்கு வயிறு எப்போதும் வேலைக்குத் தயாராக இருக்கிறது. விட்டு விட்டுச் சாப்பிடும் பாம்புகளுக்கு அப்படியில்லை. பர்மிய மலைப்பாம்பில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பட்டினியாக இருக்கும்போது அதன் வயிற்றில் அமிலமே சுரப்பதில்லை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-ஐ ஒட்டி இருக்கும் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). இரை உள்ளே போன பிறகு அது 2-க்கும் கீழே இறங்குகிறது. சிறுகுடல் எடை கூடுகிறது, இதயம்கூடப் பெரிதாகிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் புதிதாக அடுப்பைக் கட்டி, சமைத்து முடித்ததும் இடித்துவிடுகிற மாதிரிதான். அந்த வேலைக்கெல்லாம் தேவையான உடல் சூட்டைப் பாம்பு வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. சூடு போதவில்லை என்றால் செரிமானம் மந்தமாகி இரை உள்ளேயே அழுகும். அதை வெளியே தள்ளுவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 25 வரை இருந்தால் போதும். பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்புக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 வரை வேண்டும். தெர்மோஸ்டாட்டின் திரையில் 31 என்றுதான் காட்டியது. ஆனால் அந்த எண் எந்த இடத்தின் சூடு? கம்பியைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், சென்சார் தொட்டிக்கு வெளியே, ஹீட் மேட்டோடு ஒட்டியிருந்தது. மேட்டுக்கு மேலே கண்ணாடி, அதற்கு மேலே நான்கு விரல் கனத்துக்கு மரச்சீவல். பாம்பு படுப்பது அதற்கும் மேலே, மறைவிடத்துக்குள். அங்கே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். 25 காட்டியது. இரவில் அறை குளிர்ந்ததும் 23-க்கு இறங்கியது. வந்த நாளிலிருந்து அந்தப் பாம்புக்குச் சூடான பக்கம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

மரச்சீவலைச் சூடான பக்கத்தில் மெல்லிய படலமாகக் குறைத்தேன். சென்சாரை உள்ளே, மறைவிடத்தின் தரையில், பாம்பு நகர்த்த முடியாதபடி பதித்தேன். டேப் போட்டு ஒட்டாதீர்கள். டேப்பில் பாம்பின் தோல் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுப்பது பெரிய கொடுமை. கண்ணாடியில் ஒட்டும் முள் வைத்த வட்டத் தெர்மாமீட்டரை நம்பவே நம்பாதீர்கள். அது காட்டுவது அந்தச் சுவரோரக் காற்றின் சூட்டை, அதையும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, சூடு குறைவு என்றதும் பதறிப்போய் 36, 37 என்று ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. அளவு மீறிய சூட்டிலும் பாம்பு கக்கும், தோலும் வெந்துபோகும்.

சூட்டைத் திருத்தியபின் நண்பரை அழைத்தேன். எதை, எவ்வளவு, எப்போது கொடுத்தார் என்று கேட்டேன்.

"வளர்ந்த எலிதான். சின்னதா கொடுத்தா அதுக்குப் பத்தலை, தேடிக்கிட்டே இருக்கும்."

"இதுக்கு முன்னாடி கக்கியிருக்கா?"

"ஓரிரு தடவை. வயிறு காலியாயிடுச்சேன்னு அன்னிக்கே இன்னொண்ணு போட்டுடுவேன். உடனே பிடிச்சுக்கும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. உடனே பிடித்துக்கொள்ளும்தான். இப்போதுதான் கக்கிய பாம்பு பல சமயம் பசியோடு தலையைத் தூக்கி, கண்ணாடியைத் துழாவி, நம் கையைப் பார்த்தாலே பாய்கிற அளவுக்கு ஆர்வம் காட்டும். பார்க்கிறவருக்கு மனசு கேட்காது. ஆனால் கக்கும்போது இரையோடு வயிற்று அமிலமும் செரிமானச் சாறும் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அமிலம் தொட்ட உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும். அந்த நிலையில் இன்னொரு எலி உள்ளே போனால் அதுவும் வெளியேதான் வரும், முதல் தடவையைவிட மோசமான சேதத்தோடு. ஒரு தடவை கக்கியதால் செத்த பாம்பு அரிது. கக்கிய வயிற்றுக்கு மறுபடி மறுபடி தீனி போட்டதால் போன பாம்புகள்தான் அதிகம்.

அதனால் கக்கிய பிறகு பத்தியம். 10 முதல் 14 நாள் வரை எதுவும் கொடுக்கக் கூடாது. சுத்தமான தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். உடல்நிலை சரியாக இருக்கும் பாம்புக்கு இரண்டு வாரப் பட்டினி ஒரு பொருட்டே இல்லை. இந்த நாட்களில் கையில் எடுக்காதீர்கள். எடை பார்க்க வேண்டுமானால் மூடியுள்ள டப்பாவில் அதுவாக நுழையவிட்டு, டப்பாவோடு நிறுத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும். கண் உள்வாங்குவது, தோல் மடிப்பு விழுந்து அப்படியே நிற்பது, யூரேட் மஞ்சளாகக் காய்ந்து வருவது இவையெல்லாம் நீர் வற்றியதன் அடையாளம். அப்படித் தெரிந்தால் பத்தியம் முடியட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

பத்தியம் முடிந்து கொடுக்கும் முதல் இரை, பார்த்தால் சிரிப்பு வரும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். செவலைக்கு நான் எடுத்தது ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு, 3 கிராம்கூட இருக்காது. முதுகில் கத்தி முனையால் மேலோட்டமாக இரண்டு கீறல் போட்டுக் கொடுத்தேன். தோல் பிளந்திருந்தால் செரிமானச் சாறு சீக்கிரம் உள்ளே இறங்கும். கொடுத்த பிறகு தொட்டி மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். அடுத்த இரையைக் கொடுக்க நான் வைத்துக்கொண்ட நிபந்தனை, முந்தைய இரையின் மலம் வந்திருக்க வேண்டும் என்பது. காலண்டரைவிட அது நம்பகமானது. குறைந்தது ஒரு வார இடைவெளியும் வேண்டும். அதே அளவில் சில தடவை தங்கிய பிறகுதான் ஒரு படி பெரிதாக்க வேண்டும்.

வழக்கமான அளவு என்ன என்ற கேள்விக்கு, பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவு தடிமனோ ஏறக்குறைய அதே தடிமன், போனால் ஒன்றரை மடங்கு என்பார்கள். எனக்குத் தராசுதான் வசதி. வளரும் பாம்புக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்ததற்கு அதைவிடக் குறைவு. 90 கிராம் பாம்புக்கு 9 முதல் 13 கிராம் வரை. நண்பர் கொடுத்துக்கொண்டிருந்த வளர்ந்த எலி 20 கிராமுக்கு மேல். போதாத சூட்டில், அந்த வயிற்றில், அவ்வளவு பெரிய எலி.

உறைந்த இரையைச் சரியாக இளக்காமல் கொடுப்பதும் ஒரு காரணம்தான், பலர் இதைக் கவனிப்பதில்லை. முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் பையோடு வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்க வேண்டும். பிறகு வயிற்றுப் பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளியே சூடாக இருந்தும் நடுவில் கல் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் உறைந்திருக்கிறது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாக இருக்கும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

சாப்பிட்டதும் கையில் எடுக்கக் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததுதான், 48 மணி நேரம் என்று சொல்வார்கள். நான் மணிக்கணக்கு பார்ப்பதில்லை, வயிற்றுப் புடைப்பு மறையும்வரை தொடுவதில்லை. காட்டில் வயிறு நிறைந்த பாம்பால் வேகமாக ஓட முடியாது. ஆபத்து வந்தால் இரையைக் கக்கிவிட்டு உடம்பை லேசாக்கிக்கொள்ளும். நம் கையும் அதற்கு ஆபத்தாகத் தெரியலாம். தப்பித் தவறிக் கண்ணெதிரிலேயே கக்க ஆரம்பித்தால் இரையைப் பிடித்து இழுத்து உதவி செய்யப் போகாதீர்கள். பல் பெயரும், உணவுக்குழாய் கிழியும்.

குஞ்சு எலியில் செவலை நன்றாகத் தேறிவந்தது. மெல்லிய ரோமம் முளைத்த அடுத்த அளவுக்குப் போனதும் மறுபடி கக்கியது. சூடு சரி, அளவு சரி, யாரும் தொடவில்லை. வயிற்றில் புளியைக் கரைத்தது. அறையைச் சுத்தம் செய்ய ஆரம்பிக்காமல் முதலில் டாக்டரை அழைத்தேன். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகியவர் அவர். நாய், பூனை மட்டும் பார்க்கிறவரிடம் பாம்பைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

"கக்கினதைத் தூக்கிப் போட்டுடலையே? அதை அப்படியே காற்றுப் புகாத டப்பாவுல போட்டுக் கொண்டு வாங்க. கொண்டுவர நேரமாகும்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம். மலம் இருந்தா அதையும் எடுத்துக்குங்க."

ஃப்ரிட்ஜில் வைத்தபோது டப்பா மேல் பெரிய எழுத்தில் எழுதி, அதை இன்னொரு பையில் போட்டு முடிந்துதான் வைத்தேன். வீட்டில் இருப்பவர்களின் நிம்மதியும் முக்கியம்.

கக்கிய இரை மேல் படிந்திருக்கும் கோழைதான் அவருக்கு வேண்டியிருந்தது. பாம்புகளை விடாமல் கக்க வைக்கும் கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்ற ஒட்டுண்ணியை அதில் தேடலாம். வயிற்றுச் சுவரை அது தடிக்க வைத்துவிடும், உடம்பின் நடுப்பகுதியில் ஒரு வீக்கம் நிரந்தரமாக நிற்கும், சாப்பிட்ட சில நாளில் இரை வெளியே வரும், பாம்பு மெலிந்துகொண்டே போகும். அதை அடியோடு ஒழிக்கும் மருந்து என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை. ஒட்டுண்ணி எப்போதும் வெளியேறிக்கொண்டிருக்காது என்பதால் ஒருமுறை பரிசோதித்து இல்லை என்று வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட முடியாது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். செவலைக்கு, ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையில் திரும்பத் திரும்ப இல்லை என்றே வந்தது. நுண்ணோக்கியில் தெரிந்தது வேறொன்று. சவுக்கு போன்ற நீட்சியால் நீந்தும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகள், ஃப்ளாஜெலேட் என்பார்கள், மந்தை மந்தையாக. கொஞ்சமாக இருந்தால் பல பாம்புகளில் அது சாதாரணம். இந்த எண்ணிக்கையில், கக்கலும் சேர்ந்திருந்ததால் மருந்து கொடுக்க முடிவு செய்தார்.

மருந்து மெட்ரோனிடசோல். எடைக்குக் கணக்கிட்டு டாக்டரே மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்தினார், இடைவெளி விட்டு மறுபடியும். மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் குத்துமதிப்பாகக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அளவு கூடினால் பாம்புகளுக்கு நரம்புக் கோளாறு வரும், சில இனங்கள் குறைந்த அளவைக்கூடத் தாங்குவதில்லை.

"டாக்டர், மறுபடி பட்டினியா? மெலிஞ்சுடாதா?"

"மெலியும். அதை எடை பார்த்து நான் கவனிச்சுக்கறேன். பட்டினியில இழக்கிறதைவிட ஒவ்வொரு தடவை கக்கும்போதும் இழக்கிறது அதிகம். நீங்க பரிதாபப்பட்டு எதையும் போட்டுடாதீங்க."

பத்தியம் முதலிலிருந்து தொடங்கியது, இந்த முறை இன்னும் நீளமாக. மறுபடி அதே சின்னஞ்சிறு குஞ்சு, அதே கீறல், அதே துணி. ப்ரோபயாட்டிக் பொடி தூவிக் கொடுக்கச் சொல்லிப் பலர் பரிந்துரைத்தார்கள். தூவினேன், கெடுதல் இல்லை. ஆனால் செவலையைத் தேற்றியது அந்தப் பொடிதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சூடு, சிறிய இரை, மருந்து, பொறுமை இவற்றுக்குப் பிறகுதான் அதைச் சொல்வேன். இப்போது செவலை வளர்ந்த பாம்பு. 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை சாப்பிட்டு, ஒழுங்காக மலம் போய், முழுசாகச் சட்டை உரிக்கிறது.

சுத்தம் பற்றி. கக்கியதும் மரச்சீவல் முழுவதையும் எடுத்துவிட்டுக் காகிதத் துணியை விரியுங்கள். அழகு இல்லை, ஆனால் அடுத்து வருகிற மலமோ கோழையோ கண்ணில் படும். தண்ணீர்க் கிண்ணத்தையும் மறைவிடத்தையும் கழுவிக் கிருமிநாசினி போட்டுக் காயவையுங்கள். இதைச் சமையலறைத் தொட்டியில் செய்யாதீர்கள். ஊர்வன சால்மோனெல்லா என்ற, மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் கிருமியைச் சுமப்பவை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம். கிரிப்டோஸ்போரிடியம் சந்தேகம் இருந்தால் ப்ளீச் போதாது, அதன் முட்டையுறைகள் ப்ளீச்சைத் தாங்கும். கொதிநீர் ஆவியும் முழுக்கக் காயவைப்பதும்தான் கைகொடுக்கும். சிலர் அம்மோனியா பயன்படுத்துகிறார்கள். அதையும் ப்ளீச்சையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, விஷவாயு வரும். வேறு பாம்புகள் இருந்தால் நோயாளியைக் கடைசியில் கவனியுங்கள், இடுக்கியும் கிண்ணமும் அதற்கென்று தனியாக இருக்கட்டும். புதிதாக வந்த பாம்பை 90 நாளாவது தனி அறையில் வைப்பதும் இதற்காகத்தான். காட்டில் பிடித்த பாம்புகளிடம் ஒட்டுண்ணி கூடுதலாகவே இருக்கும்.

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் கார்ன் ஸ்நேக்கை வைத்து. போவா என்ற பெரிய பாம்பு வகையை வளர்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். போவாவின் வயிறு தேறிவர அதிக நாளாகும், குறைந்தது 3 வாரப் பத்தியம் வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் பலர் சொல்வார்கள். அதோடு, போவா திரும்பத் திரும்பக் கக்கினால் இன்க்ளூஷன் பாடி நோயின் ஆரம்பமாக இருக்கலாம். ரெப்டரீனா வைரஸ்களால் வருவது, குணப்படுத்த மருந்து இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். பாம்பு தலையை மேலே வளைத்து அண்ணாந்தபடியே நிற்பது, மல்லாக்கப் போட்டால் திரும்பத் தெரியாமல் தடுமாறுவது போன்றவை கக்கலோடு சேர்ந்து தெரிந்தால் காத்திருக்காதீர்கள். எந்தப் பாம்பாக இருந்தாலும் இரண்டாவது தடவை கக்கினால், ரத்தம் கலந்து வந்தால், வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டால், எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றே டாக்டரை அழையுங்கள். போகும்போது சூடு, கொடுத்த இரையின் எடை, கொடுத்த தேதி, கக்கிய தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், அவர் கேட்கப்போகும் முதல் கேள்விகள் அவைதான்.